கேட்பாரற்ற பணமும் கேட்கத் தெரிந்த நானும்

மனைவிக்குத் தெரியாமல் பணக்காரனாகிவிடுவது என்று போன சாரல் சீசனுக்குச் சற்று முன்னால் தீர்மானம் செய்தேன். பணக்காரனாவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஊரில் எத்தனையோ பேர் ஆகியிருக்கிறார்கள். தெரியாமல் ஆவதுதான் கஷ்டம்.

என் பெயர் ஹரிஹரசுப்பிரமணியன். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அரசாங்கத்தின் பணம் ஆயுள் முழுக்க என் கண் பார்வையில்தான் போய் வந்தது. ஒரு பைசா இடறியதில்லை. தென்காசியில் என்னைத் தெரியாத பென்ஷன்காரர் கிடையாது. வீட்டுப் பணத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு மட்டும் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்த இலாகா என் மனைவி குழல்வாய்மொழியிடம்.

குற்றாலத்து அம்மனின் பெயர். மாமனார் சங்கரநாராயணன் ஆசை ஆசையாக வைத்தது. புல்லாங்குழல் போன்ற பேச்சு உடையவள் என்று அர்த்தம். சரிதான். ஊதுவது அவள். ஓட்டைகள் என் பக்கம்.

பென்ஷன் வந்த அன்றே அவள் என்னை ஏ.டி.எம்.முக்கு அழைத்துப் போவாள். நான் எடுப்பேன், அவள் வாங்குவாள். செலவுக்கு எனக்குக் கொஞ்சம் தருவாள். வடைக்குச் சரியாக இருக்கும். சட்னிக்குக் கடைக்காரர் காசு கேட்பதில்லை என்பதால் பிழைத்தேன்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் ஈமு கோழி. ஊரே வாங்கியது, நானும் வாங்கினேன். முட்டை போடும் என்றார்கள். போட்டது நாமம். அதன்பிறகு சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி. பூ பூத்ததும் சினிமாக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள், தோட்டத்தை நாள் வாடகைக்கு விடலாம் என்று குத்தகைக்கு எடுத்தேன். பூ பூத்தது. சினிமாக்காரர்கள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார்கள். என் தோட்டத்துக்கு ஆடுகள் வந்தன. ஆடுகள் வாடகை தருவதில்லை.

மூன்றாவது யோசனைதான் உண்மையில் பெரிய யோசனை. அது என் பழைய அலுவலக நண்பர் வல்லிநாயகத்தின் மூளையில் உதித்து என் மூளையில் வளர்ந்தது. சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு கடை. மூலிகைக் கூந்தல் தைலம். புட்டியில் என் படம்.

"ஓம் படம் எதுக்கு?" என்று வல்லிநாயகமே ஒரு தடவை கேட்டார். என் தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மீசையைப் பாரும். நம்பிக்கை வரும்," என்றேன்.

கடைக்கு முன்பணம் வேண்டும். வல்லிநாயகம் பாதி, நான் பாதி. அவருடைய பாதி தயாராக இருக்கிறதாம். எப்போது கேட்டாலும் தயாராக இருக்கிறது என்றுதான் சொன்னார். நான் பார்த்ததில்லை. என் பாதிக்குத்தான் வழி தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுள் சான்று கொடுப்பதற்காகப் பாரூக்கின் இ-சேவை மையத்துக்குப் போனேன். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு நான் நிரூபிக்க வேண்டும். பாரூக் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன்தான். கோயில் பக்கத்துத் தெருவில் மையம் வைத்திருக்கிறான். அவன் மனைவி ஷரீபுன்னிசாவும் என் மனைவியும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று உலகத்தை நடத்துகிறவர்கள்.

விரலை வைத்து உயிரை நிரூபித்து முடித்ததும் பாரூக் சொன்னான்.

"அண்ணாச்சி, ரிசர்வ் பேங்குல கேக்க ஆளில்லாம கோடி கோடியா பணம் கெடக்காம்."

"யாரு பணம்?"

"நம்ம சனங்க பணந்தான். பேங்குல போட்டுட்டு மறந்துருதாங்க. பத்து வருசம் யாரும் எட்டிப் பாக்கலன்னா ரிசர்வ் பேங்குக்குப் போயிரும். உரியவங்க வந்து கேட்டா வட்டியோட குடுத்துருவாங்க. பேரைப் போட்டுத் தேடுததுக்கு வெப்சைட்டே இருக்கு. உங்கள மாதிரி விவரமான ஆளுக்குத் தெரியாததா."

"தெரியும்," என்றேன். தெரியாது. "எதுக்கும் என் பேரைப் போடு."

போட்டான். ஒன்றும் வரவில்லை. வராது. மறந்துபோகும் அளவுக்கு என் கையில் யாரும் பணம் தந்ததில்லை. அப்பா பேரைப் போட்டோம். அதுவும் இல்லை. அப்பாவுக்கு வங்கிகள் மேல் நம்பிக்கை கிடையாது. மாடுகள் மேல்தான் உண்டு.

பாரூக் கம்ப்யூட்டரை மூடப் போனவன் மாதிரி கையை நீட்டிவிட்டு நிறுத்தினான்.

"மதினி பேரையும் ஒரு இதுக்குப் போட்டுப் பாப்பமா?"

"அவகிட்ட ஏதுடே பணம்?"

"கல்யாணத்துக்கு முந்தி செங்கோட்டையில டீச்சரா இருந்தாங்கள்லா. அவங்க அப்பா இனிஷியலோட போட்டுப் பாப்போம். பொறந்த தேதி வேணும்."

எனக்குத் தெரியவில்லை. பங்குனி என்பது வரை தெரியும். போன் போட்டேன்.

"இந்தா, உன் பொறந்த தேதி என்ன?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"இத்தன வருசமா சும்மா கேக்கலியே. பரிசு கிரிசு வாங்குதியளா?"

"ஆமா."

தேதியைச் சொன்னாள். "பரிசு பெருசா இருக்கட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாரூக் தட்டினான். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. நின்றது. ஒரே ஒரு வரி வந்தது. ச. குழல்வாய்மொழி, செங்கோட்டை. கூடவே ஒரு எண். வங்கியின் பெயர். எவ்வளவு பணம் என்று மட்டும் போடவில்லை.

அதுதான் வினை. தொகையைப் போட்டிருந்தால் என் கற்பனை ஒரு இடத்தில் நின்றிருக்கும். போடாததால் கோயில் வாசலுக்கு வருவதற்குள் தைலக் கடைக்கு இரண்டு கிளைகள் திறந்துவிட்டேன்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது. என் மனைவி ஒன்றை மறந்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்று நான் கேசரியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதை இன்றுவரை மறக்காதவள், தன் சொந்தப் பணத்தை மறந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இது முதல் தடவை. ரத வீதியில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். எதிரே வந்தவர்கள் எனக்கு வாயுப் பிடிப்பா என்று கேட்டார்கள்.

திட்டம் எளிமையானது. பணம் அவளுடையது, அதனால் அவள் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டும், விஷயத்தைச் சொல்லக் கூடாது. பணம் அவள் கணக்கில் வரும். அவளுடைய ஏ.டி.எம். கார்டுக்கு ரகசிய எண் போட்டுக் கொடுத்தது நான்தான். மிச்சத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். திருட்டு என்று நினைக்க வேண்டாம். சீசன் முடிந்ததும் இரண்டு மடங்காகத் திருப்பி வைத்துவிடுவதாக இருந்தேன். அப்போது அவள் முகம் எப்படி மலரும் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். வங்கியில் அவள் ச. குழல்வாய்மொழி. ஆதாரில் ஹ. குழல்வாய்மொழி. இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட வேண்டும்.

"கல்யாண சர்ட்டிபிகேட் இருந்தா போதும் அண்ணாச்சி," என்றான் பாரூக்.

அது எங்களிடம் இல்லை. எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "குற்றாலநாதர் சாட்சியா தாலி கட்டினவன் நான். எனக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் சாட்சி வேணுமா?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கம்பீரமாகக் கேட்டுவந்தேன். இப்போது நானே அவளைக் கூப்பிட வேண்டும். சந்தேகம் வராமல் கூப்பிட வேண்டும்.

கருவூலத்தில் இருந்த மூளை எதற்கு இருக்கிறது. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஏளா, மனுசன் உசுரு எப்பம் போகும்னு சொல்ல முடியாது."

"ஏன், நெஞ்சு கரிக்கா? அந்த வடையத் திங்காதியன்னு சொன்னா கேக்குதியளா?"

"அது இல்ல. எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா பாதி பென்ஷன் உனக்கு வரணும். அதுக்குக் கல்யாண சர்ட்டிபிகேட் கேப்பாங்க. நாளைக்கு நீ ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது பாரு. அதான், பதிஞ்சிருவோம்னு நெனைக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். என் மேல் இத்தனை பாசமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்றேன். எங்கே கிடைக்கப்போகிறது என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். பீரோவைத் திறந்து உடனே எடுத்துக் கொடுத்தாள். கவர் போட்டு வைத்திருந்தாள்.

பதிவு அலுவலகத்துக்கு அவள் பட்டுச்சேலையில் வந்தாள்.

"காயிதம் வாங்கப் போறதுக்கு எதுக்குப் பட்டு?"

"கல்யாணம்லா."

சாட்சிக்குப் பாரூக், ஷரீபுன்னிசா, வல்லிநாயகம். பெஞ்சு நிறைய இளசுகள். பாதிப் பேர் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மாலையும் கழுத்துமாகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நாங்கள். பக்கத்தில் இருந்த பையன் மெல்லக் குனிந்து, "உங்க வீட்லயும் எதிர்ப்பா சார்?" என்று கேட்டான்.

"வெளிய சொல்லாதீங்க தம்பி," என்றாள் குழல்வாய்மொழி. "எனக்கே இவுகளப் பிடிக்கல."

அந்தப் பையனோடு வந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். அன்று காலையிலிருந்து அது அழுதுகொண்டிருந்ததாம். தன் பூவில் ஒரு முழத்தைக் கிள்ளி என் மனைவியின் தலையில் வைத்தது.

அலுவலர் எங்கள் காகிதங்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"இத்தன வருசம் பதியாம என்ன சார் செஞ்சிய?"

"யோசிச்சுக்கிட்டு இருந்தாக," என்றாள் அவள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தாள். என் பெயர், அவள் பெயர், கோயிலின் பெயர். பட்டும் பூவுமாக அவளைப் பார்க்க எனக்கே கொஞ்சம் நெஞ்சு இளகியது. தைலக் கடைக்கு இவள் பெயரையே வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மீசை முந்திக்கொண்டது.

அடுத்தது வங்கி. செங்கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம். கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"கே.ஒய்.சி.ன்னா என்னது?" என்று கேட்டாள், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு.

"அது அரசாங்க விசயம். சொன்னாலும் உனக்குப் புரியாது."

"அப்பம் சொல்லாதிய. எனக்கு என்ன தெரியும்."

இந்த வார்த்தையைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டாள். பஸ் இலஞ்சியைத் தாண்டியதும், காற்று குளுகுளுவென்று வந்ததும், நான் கண்ணை மூடி ஒரு ராஜாவைப் போலச் சாய்ந்துகொண்டதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வங்கி மேலாளர் சண்முகப்பிரியா சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் முன்கூட்டியே தனியாகப் போய் விஷயத்தை விளக்கி, மனைவிக்கு இது ஒரு ஆச்சரியப் பரிசு, அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தேன். விண்ணப்பத்தை நீட்டினேன். தலைப்பு இருந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

"மேடம், எதுக்குன்னு தெரிஞ்சுதானே போடறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவுகளுக்குத் தெரியும்லா. அது போதும்," என்று சொல்லி அவள் அழகாகக் கையெழுத்திட்டாள். காட்டிய விரலை நான் எடுக்காததால் சற்று வளைத்து எழுத வேண்டியிருந்தது.

மேலாளருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் உள்ளே போய்விட்டது. நல்ல பெண். ரகசியம் காக்கத் தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காத்திருப்பு. தினமும் அவளுடைய போனை எடுத்துப் பார்ப்பேன். பேரனின் படம் பார்ப்பதாகச் சொல்வேன். அவளும் சார்ஜ் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவாள். அவள் அடிக்கடி ஷரீபுன்னிசாவோடு மேலகரம் பக்கம் போய்வர ஆரம்பித்திருந்தாள். தெரிந்தவர் வீட்டு விசேஷம் என்றாள். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலையில் வந்துவிட்டது. தொகையைச் சொல்ல மாட்டேன். இதை யார் யாரோ படிப்பார்கள். ஆனால் படித்ததும் நான் எழுந்து நின்றேன் என்பதை மட்டும் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படிக்கிற தொகை இல்லை அது. செய்தியை உடனே அழித்தேன். அவளுடைய கைப்பையில் இருந்து கார்டை எடுத்தேன். வல்லிநாயகத்துக்குப் போன் போட்டேன்.

"வாரும் ஓய். உம்ம பாதியை எடுத்துக்கிட்டு வாரும்."

"தயாரா இருக்கு," என்றார்.

குற்றாலத்தில் சாரல் கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. தலையில் துண்டும் இடுப்பில் ஈரவேட்டியுமாகச் சனம். கடைக்காரர் சாவியோடு காத்திருந்தார். நான் ஏ.டி.எம். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தலையில் இருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வருங்கால வாடிக்கையாளர் என்று அவரை அன்போடு பார்த்தேன்.

கார்டைப் போட்டேன். எண்ணை அழுத்தினேன். எண் தவறு என்றது. பதற்றம் என்று நினைத்து மறுபடியும் அழுத்தினேன். தவறு என்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக அழுத்தப் போனேன். போன் அடித்தது.

"எங்க நிக்கிய?" குழல்வாய்மொழி.

"வல்லிநாயகத்தோட வந்தேன். அருவியில குளிக்க."

"ஏ.டி.எம்.ல எப்பம் இருந்து தண்ணி விழுது?"

 எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பு நம்பர்னு என் போனுக்கு ரெண்டு மெசேஜ் வந்தாச்சு. நம்பரை நான் போன வாரமே மாத்திட்டேன். இன்னும் ஒரு தடவ அமுக்குனிய, கார்டு வேலை செய்யாது. அங்கன நிக்காம மேலகரத்துக்கு வாங்க. மெயின் ரோட்டுலயே எடது பக்கம், பச்ச ஷட்டரு. வல்லிநாயகம் அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க, மூட்டை எறக்க ஆளு வேணும்."

வல்லிநாயகத்திடம் சொன்னேன். அவருக்கு உடனே இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருடைய பாதியை அன்றைக்கும் நான் பார்க்கவில்லை.

மேலகரத்தில் பச்சை ஷட்டர் பாதி திறந்திருந்தது. வாசலில் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வந்த டெம்போ. எலுமிச்சை மூட்டைகளைப் பாரூக் இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு மூட்டைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டான். உள்ளே வரிசையாகப் பீங்கான் ஜாடிகள். ஷரீபுன்னிசா தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் புதுப் பலகை சாய்ந்திருந்தது. குழல்வாய்மொழி ஷரீபுன்னிசா ஊறுகாய் நிலையம்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கார்டைக் குடுங்க, மூட்டைக்குப் பணம் எடுக்கணும்," என்றாள். கொடுத்தேன்.

"உனக்கு அந்தப் பணம் இருக்கது தெரியுமா?"

"நான் போட்ட பணம் எனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"நானா?" என்றாள். அதற்கு மேல் அதை விளக்க அவள் அவசியம் பார்க்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"டீச்சரா இருந்தப்பம் சேத்தது. அப்பா கொஞ்சம் போட்டாக. நீங்க ஈமு வாங்கும்போது கேட்டிய, ஏதுமில்லன்னேன். சூரியகாந்திக்கும் கேட்டிய. எந்த பேங்குல வச்சாலும் ஒரு நாளைக்கு மோப்பம் பிடிச்சு வந்துருவியன்னு பயமா இருந்துச்சு. பத்து வருசம் தொடலன்னா ரிசர்வ் பேங்குக்குப் போயிரும்னு சொன்னாங்க. போகட்டும்னு விட்டுட்டேன். வட்டி கொஞ்சம் கம்மிதான். ஆனா இந்தியாவுலயே நீங்க போயி கைமாத்து கேக்க முடியாத எடம் அது ஒண்ணுதான்."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"இப்பம் இந்த எடம் வாடகைக்கு வந்துச்சு. பேங்குக்குப் போயிக் கேட்டேன். அந்த மேனேஜர் பிள்ள நல்ல பிள்ள. கல்யாண சர்ட்டிபிகேட் வேணும்னு சொல்லிச்சு. அதுக்கு நீங்க நேர்ல வரணுமே. நான் கூப்பிட்டா வருவியளா? குற்றாலநாதரச் சாட்சிக்குக் கூப்பிடுவிய. எதுக்குன்னு கேப்பிய. சொன்னா அம்புட்டும் தைலமாயிரும்."

"தைலம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வல்லிநாயகம் அண்ணாச்சி அவுக வீட்டுல சொல்லாமலா இருப்பாக? அதான் பாரூக் தம்பிகிட்ட சொன்னேன். நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும், மத்தத நீங்களே ஓடியாடிச் செஞ்சிருவியன்னு. ஒரு கொறையும் இல்லாம செஞ்சிய. சும்மா சொல்லக் கூடாது."

"அன்னைக்கு நான் செத்துப் போவேன்னு சொன்னப்பம் அழுதியே."

"அழுதனா?" என்றாள். ஷரீபுன்னிசா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஜாடியைத் துடைத்தாள். துடைத்த ஜாடியையே திரும்பத் துடைத்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. நான் முப்பது சொச்சம் வருஷம் கருவூலத்தைக் காத்தேன் என்று மார் தட்டினேன். இவள் ரிசர்வ் வங்கியையே காவலுக்கு வைத்திருந்தாள், அதுவும் சம்பளம் கொடுக்காமல். வட்டி வேறு வாங்கியிருக்கிறாள். ஈமுவில் போயிருக்க வேண்டிய பணம் இப்போது மஞ்சள் மஞ்சளாக மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. இப்படி ஒரு மூளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வல்லிநாயகத்தின் மூளையை நம்பியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. இந்தத் தடவை வாயு இல்லை.

அவள் ஒரு கரண்டியில் ஊறுகாய் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நக்கிப் பார்த்தேன். புளிப்பு முதலில் வந்தது, காரம் யோசித்து வந்தது, கடைசியில் எங்கிருந்தோ ஒரு இனிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்றுதான் சொன்னேன்.

"எப்படி இருக்கு?"

"ஊரு பூரா வாங்கும். குற்றாலத்துக்கு வாரவன் எல்லாம் வாங்கிட்டுப் போவான்," என்றேன். மனதிலிருந்து சொன்னேன். பிறகு என் தகுதி நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இந்தா பாரு. தொழில்னு வந்தா கணக்கு வழக்கு இருக்கும். வரவு செலவு, ஜி.எஸ்.டி., பேங்கு வேலை. அனுபவம் உள்ள ஆளு வேணும். கருவூலத்துல கண்காணிப்பாளரா இருந்தவன் உனக்கு வெளிய எவன் கிடைப்பான்?"

குழல்வாய்மொழி ஷரீபுன்னிசாவைப் பார்த்தாள். ஷரீபுன்னிசா அவளைப் பார்த்தாள். இருவரும் ஜாடிகளுக்குப் பின்னால் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். நேரம் எடுத்துத்தான் பேசினார்கள். திரும்பி வந்தார்கள்.

"வாங்க, சேத்துக்கிடுதோம்," என்றாள் என் மனைவி. "கணக்கு நீங்க எழுதுங்க, கல்லாவ ஷரீபுன்னிசா பாத்துக்கிடுவா. மொதல்ல ஆறு மாசம் டெம்பரவரி."